காடி கேள்வி பதில்: டர்போ போட்டத இன்சூரன்ஸ்காரன்கிட்ட சொல்லணுமா?

போன மாசம் காடிக்கு ஸ்போர்ட் ரிம் மாட்டுறது பத்தி போகிற போக்குல ரெண்டு வரி எழுதினேன், "இன்சூரன்ஸுக்கு சொல்லிட்டு மாத்துங்க"ன்னு. அவ்ளோதான், கேள்வி வந்து குவிஞ்சிருச்சு. அதனால இந்த மாசம் மத்த கேள்வி எல்லாம் ஓரமா வச்சுட்டு இது ஒண்ணுதான். பேர் போடாதீங்கன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, யாரு பேரும் போடல, ஊர் மட்டும்தான்.

கேள்வி: அண்ணே வணக்கம். என்கிட்ட 2013 பெரோடுவா மைவி 1.3 காடி இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஹாஃப் கட் கடைல (பாதியா வெட்டின பழைய காடி சாமான் விக்கிற கடை) டைஹாட்சு ஒய்ஆர்வி காடியோட டர்போ எஞ்சின் வாங்கி மாட்டினேன், கூடவே கோய்ல்ஓவர் சஸ்பென்ஷன், எக்ஸாஸ்ட். ரெண்டுமே 1300 சிசிதான், ரோட் டேக்ஸ் மாறாது, அதனால யாருக்கும் சொல்ல வேணாம்னு நெனச்சேன். என் ஏஜென்ட்கிட்ட கேட்டப்ப அவரும் வாட்ஸப் வாய்ஸ்ல "தேவையில்ல லா தம்பி"ன்னுட்டாரு. போன மாசம் ஜாலான் ஈப்போல முன்னாடி போன வேன் சடன் பிரேக் போட்டு நான் இடிச்சுட்டேன். முன்பக்கம் பூரா போச்சு, வர்க்‌ஷாப்ல 8,000 வெள்ளி சொல்றாங்க. இன்சூரன்ஸ் அட்ஜஸ்டர் (சேதத்த மதிப்பு போடுறவரு) வந்து எஞ்சின தொறந்து தொறந்து போட்டோ எடுத்துட்டு போனாரு, ஒண்ணும் சொல்லல. கடை தவுக்கே (மொதலாளி) சொல்றாரு பழைய எஞ்சின் இருந்தா திரும்ப மாட்டிடலாம்னு. என்ன பண்றதுன்னே தெரியல அண்ணே. (செந்தூல்)

பதில்: தம்பி, மொதல்ல ஒண்ணு சொல்றேன், அந்த பழைய எஞ்சின தொடாதீங்க. போட்டோ எடுத்துட்டு போயிட்டாருன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இப்ப மாத்தினா அது மறந்துபோன கேஸ் இல்ல, ஏமாத்தின கேஸ். தவுக்கேக்கு என்ன, அவருக்கு கூலி கெடச்சா போதும், கையெழுத்து போடப்போறது நீங்க.

சிசி ஒண்ணுதான்னு சொன்னீங்க. சரி. உங்க மைவியோட கே3-விஇ எஞ்சினும் அந்த டர்போ கே3-விஇடி எஞ்சினும் ஒரே 1298 சிசிதான். ஆனா உங்க ஒரிஜினல் மைவி 90 சொச்சம் குதிரைசக்தி, அந்த டர்போ எஞ்சின் கம்பெனிலேர்ந்து வந்தப்பவே 140. ரோட் டேக்ஸ்காரனுக்கு சிசி கணக்கு, இன்சூரன்ஸ்காரனுக்கு அது கணக்கில்ல. அவன் பாக்குறது இந்த காடி எவ்ளோ வேகமா போகும், இடிச்சா எவ்ளோ செலவாகும், இத திருடுறதுக்கு எவனாச்சும் ஆசப்படுவானா, இந்த மூணும்தான். அதுக்கும் மேல எஞ்சின் நம்பர்னு ஒண்ணு இருக்கு. கெரான்ல (காடி பதிவு சான்றிதழ்) ஒரு நம்பர், பாலிசில அதே நம்பர், பானெட்ட தொறந்தா வேற நம்பர். அட்ஜஸ்டர் தொறந்து தொறந்து போட்டோ எடுத்தாருன்னா அவரு அதத்தான் தேடினாருன்னு வச்சுக்கங்க. ஜேபிஜேல (சாலைப் போக்குவரத்து இலாகா) மாத்தினேன்னு நீங்க எழுதல, அப்ப மாத்தலன்னு எடுத்துக்குறேன். எஞ்சின் மாத்தினா 1987 சாலைப் போக்குவரத்து சட்டத்துப்படி ஜேபிஜேக்கு தெரியப்படுத்தணும், புஸ்பாகோம்ல (காடி பரிசோதனை நிலையம்) காட்டணும், எஞ்சின் எங்க வாங்கினதுன்னு ரிசிட் வேணும். ஹாஃப் கட் கடைல ரிசிட் கேட்டா மொறைப்பாங்க, தெரியும் எனக்கு. ஆனாலும் கேட்டு வாங்கியிருக்கணும்.

இனி கிளைமுக்கு வருவோம். எல்லாமே போச்சுன்னு பயப்படாதீங்க, எல்லாம் கெடைக்கும்னும் நம்பாதீங்க. முன்னெல்லாம் ஒரு விஷயத்த மறைச்சா பாலிசியே செல்லாதுன்னு கம்பெனி ஒரே வார்த்தைல முடிச்சுரும். இப்ப 2013 நிதிச் சேவைகள் சட்டத்துல ஒன்பதாவது அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு, நம்மள மாதிரி சொந்தக் காடி வச்சிருக்கிற ஆளுங்களுக்கு அதுதான் காப்பு. அது தப்ப மூணா பிரிக்குது. வேணும்னே இல்லாட்டி என்ன ஆனா எனக்கென்னன்னு பொய் சொன்னா பாலிசிய ரத்து பண்ணி ஒரு காசும் தராம போகலாம். கவனக்குறைவா தப்பா சொல்லியிருந்தா, உண்மைய சொல்லியிருந்தா கம்பெனி என்ன பண்ணியிருக்கும்னு பாக்கணும். ஒண்ணுமே தெரியாம நடந்ததுன்னா அது மூணாவது வகை, அது உங்களுக்கு பொருந்தாது, நீங்கதான் மாட்டினீங்க.

நடுவுல உள்ளதத்தான் கணக்கு போட்டு காட்டுறேன். நீங்க கட்டினது 900 வெள்ளின்னு வைங்க. டர்போன்னு சொல்லியிருந்தா 1,200 கேட்டிருப்பாங்கன்னு கம்பெனி காட்டுச்சுன்னா, நீங்க கட்டினது முக்கால் பங்கு, கிளைமும் முக்கால் பங்கு. 8,000க்கு 6,000. மிச்சம் 2,000 உங்க கையிலேர்ந்து. ஆனா "இந்த மாதிரி காடிய நாங்க எடுத்திருக்கவே மாட்டோம்"னு கம்பெனி காட்டிருச்சுன்னா பிரிமியத்த திருப்பி குடுத்துட்டு கிளைம முழுசா மறுக்கலாம். எஞ்சின் ஸ்வாப் (எஞ்சினயே மாத்துறது) கேஸ்ல பெரிய பயமே இதுதான், ஏன்னா ஸ்வாப் பண்ண காடின்னாலே வேணாம்னு சொல்ற கம்பெனி உண்டு.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், உங்ககிட்ட என்ன கேட்டாங்க? ரினியூ பண்ணும்போது ஆன்லைன்ல "காடில ஏதும் மாத்தியிருக்கீங்களா"ன்னு ஒரு கேள்வி வந்து நீங்க இல்லன்னு டிக் போட்டீங்களா, இல்ல ஏஜென்ட் அவரே எல்லாத்தையும் நிரப்பிட்டு கவர் நோட் (இன்சூரன்ஸ் எடுத்ததுக்கான பேப்பர்) மட்டும் அனுப்பினாரா? அந்த சட்டத்துல கம்பெனிதான் கேள்விய தெளிவா கேக்கணும், கேக்கவே இல்லன்னா அந்த உரிமைய கம்பெனியே விட்டுக்குடுத்ததா அர்த்தம். ஆனா அத மட்டும் நம்பி உக்காராதீங்க, பாலிசி புக்குல நடுவுல காடிய மாத்தினா தெரியப்படுத்தணும்னு தனியா ஒரு கண்டிஷன் இருக்கும். அந்த புக்க யாரும் படிக்கிறதில்ல, சாமான் கட்டின ரப்பர் பேண்டோட டிராயர்ல கெடக்கும். எடுத்து படிங்க.

அந்த வாய்ஸ் மெசேஜ்? அத அழிக்காதீங்க, போன் மாத்தினா கூட அழிக்காதீங்க, இன்னைக்கே ஒரு காப்பி எடுத்து வைங்க. தேதி, நீங்க என்ன கேட்டீங்க, அவரு என்ன சொன்னாரு, எல்லாம் அதுல இருக்கு. நீங்க மறைக்க நெனைக்கல, கேட்டீங்கங்கறதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி. கம்பெனி கேட்டா உண்மைய எழுத்துல சொல்லுங்க, எப்ப மாத்தினீங்க, எங்க, எவ்ளோ செலவு, ஏஜென்ட்கிட்ட எப்ப கேட்டீங்க. நீட்டி மொழக்க வேணாம், அழுவவும் வேணாம்.

வேன்காரருக்கு அடிபட்டதான்னு எழுதல. உடம்புக்கு ஏதும் ஆகலன்னு நம்புறேன். நம்ம நாட்டுல கட்டாய இன்சூரன்ஸ்ங்கிறது அடுத்தவன் உயிருக்கும் உடம்புக்கும்தான், அவன் காடிக்கு இல்ல. பாலிசில பிரச்சனைன்னா கம்பெனி அவருக்கு குடுத்துட்டு அந்தக் காச உங்ககிட்ட வசூல் பண்ண வரலாம். 2,000 வெள்ளி போறது ஒரு வலி, இது வந்தா வேற வலி.

நான் என்னமோ ரொம்ப ஒழுங்கான ஆள் மாதிரி பேசுறேன்னு நெனைக்காதீங்க. சின்ன வயசுல என் புரோட்டான் வீரா காடில சவுண்ட் சிஸ்டம் போட்டேன், ஆம்ப்ளிஃபையர், பின்னாடி ரெண்டு வூஃபர், மொத்தம் 4,000 வெள்ளிக்கு மேல. ஏஜென்ட்கிட்ட டீக்கடைல வச்சு சொன்னேன், "ஆ சரி சரி"ன்னாரு. ஆறே மாசம், ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் பார்க்கிங்ல பின்கண்ணாடிய ஒடச்சு பூராவும் கழட்டிட்டு போயிட்டான். பாலிசில அந்த சாமானுக்கு ஒரு வரி கெடையாது. டீக்கடைல சொன்னது டீயோட போச்சு.

கேள்வி: நான் பொம்பள புள்ள, காடி பத்தி ஒண்ணும் தெரியாது. போன வருஷம் ஒரு செகண்ட் ஹேண்ட் புரோட்டான் சாகா வாங்கினேன், பாக்க கொஞ்சம் தாழ்வா இருக்கும், ரிம் பெருசு, சத்தமும் கொஞ்சம் ஜாஸ்தி. வாங்கும்போதே அப்படித்தான். புஸ்பாகோம் பாஸ் ஆகித்தான் பேர் மாறிச்சு. நான் எதையும் மாத்தல, நான் எதுக்கு சொல்லணும்? (புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: "பொம்பள புள்ள, ஒண்ணும் தெரியாது"ன்னு சொல்லாதீங்கம்மா, தாழ்வா இருக்கு, ரிம் பெருசு, சத்தம் ஜாஸ்தின்னு மூணையும் கண்டுபிடிச்சு எழுதியிருக்கீங்க, பாதி ஆம்பளைங்க இத கவனிக்க மாட்டாங்க.

பாலிசி உங்க பேர்ல. யாரு மாத்தினாங்கங்கறது கேள்வி இல்ல, உங்களுக்கு தெரியுமாங்கறதுதான் கேள்வி. தெரியவே இல்லன்னா சட்டம் உங்கள தண்டிக்காது, ஆனா இப்ப தெரிஞ்சு போச்சே, இந்த பத்திரிகைக்கே எழுதிட்டீங்க. நம்பிக்கையான வர்க்‌ஷாப்ல ஒரு அரைமணி நேரம் தூக்கி பாக்க சொல்லுங்க, ஸ்பிரிங் வெட்டியிருக்கா இல்ல மாத்தியிருக்கா, ரிம் எத்தன இஞ்ச், எக்ஸாஸ்ட் ஒரிஜினலா. ஸ்பிரிங் வெட்டியிருந்தா இன்சூரன்ஸ் கெடக்கட்டும், மொதல்ல அத மாத்துங்க, பினாங்கு பாலத்துல காத்தடிக்கும்போது அந்த காடில போறது எனக்கே பயமா இருக்கு.

புஸ்பாகோம் பத்தி. பேர் மாத்துறதுக்கு பி5 செக்கிங்ல எஞ்சின் நம்பர், சேசி நம்பர், பிரேக் இதெல்லாம் பாப்பாங்க. அன்னைக்கு ஸ்டாண்டர்ட் எக்ஸாஸ்ட் மாட்டி கொண்டு போய் காட்டிட்டு மறுநாள் பழையத மாட்டுறவனுங்க இருக்கானுங்க. அங்க பாஸ் ஆனா ரோட்ல ஓட்டலாம்னு அர்த்தம், இன்சூரன்ஸுக்கு தெரியும்னு அர்த்தம் இல்ல. ரெண்டும் வேற வேற ஆபிஸ், வேற வேற பேப்பர்.

கேள்வி: எதெல்லாம் சொல்லணும், எதெல்லாம் வேணாம், ஒரு லிஸ்ட் போடுங்களேன். (செலாயாங்)

பதில்: லிஸ்ட் போட மாட்டேன், போட்டா அதுல இல்லாதத ஒருத்தர் மாட்டிட்டு வந்து "நீங்க சொல்லல"ம்பாரு. காடி கடைலேர்ந்து வந்தப்ப இருந்த மாதிரி இல்லன்னா சொல்லுங்க, அவ்ளோதான். சீட் கவர், மேட், சாமி பொம்மைக்கெல்லாம் யாரும் கேக்கப்போறதில்ல. வேகத்தையும் பிரேக்கையும் தொடுறது எதுவா இருந்தாலும் சொல்லியே ஆகணும், டர்போ, ஈசியூ ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்துறது), எஞ்சின், சஸ்பென்ஷன், பெரிய ரிம். ஈசியூ கண்ணுக்கு தெரியாதே, எவன் கண்டுபிடிப்பான்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு, அவருக்கு ஒண்ணு, லேப்டாப்ப மாட்டி பாத்தா தெரியும், பெரிய அடி கேஸ்ல மாட்டி பாப்பாங்க.

பாடிகிட், சவுண்ட் சிஸ்டம், விலையான ரிம் இதெல்லாம் வேற காரணத்துக்கு சொல்லணும். இத சொல்லலன்னா கிளைம் முழுசா போகாம இருக்கலாம், ஆனா அந்த சாமானுக்கு காசு வராது. கம்பெனி ஒரிஜினல் பம்பர் விலைதான் குடுக்கும், உங்க 2,500 வெள்ளி பாடிகிட்டுக்கு இல்ல. அதுக்குத்தான் எண்டோர்ஸ்மென்ட் (பாலிசியோட கூடுதலா சேக்குற பிரிவு) 97ன்னு ஒண்ணு இருக்கு, மாட்டின சாமான தனியா விலை போட்டு சேக்குறது. ஏஜென்ட்கிட்ட இந்த நம்பர சொல்லி கேளுங்க, "அதெல்லாம் இல்ல"ன்னு சொல்ல மாட்டாரு.

கலர் மாத்தினா, ராப் ஒட்டி முழு காடியும் வேற கலரா ஆனாலும், ஜேபிஜே பதிவுல கலர் இருக்குல்ல, அங்க போய் மாத்திட்டு இன்சூரன்ஸுக்கும் சொல்லுங்க. லோன் இன்னும் ஓடுதுன்னா பேங்க் ஒப்பந்தத்தையும் பாருங்க, காடி இன்னும் பேங்க் பேர்லயும்தான் இருக்கு, எஞ்சின் மாத்த அவங்க சம்மதம் வேணும்னு எழுதியிருக்கும். டோட்டல் லாஸ் ஆனா காசு மொதல்ல பேங்குக்குத்தான் போகும், அது நிறைய பேருக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

சொல்றதுன்னா எப்படி சொல்றதுன்னும் சேத்தே சொல்லிடுறேன். இமெயில்ல. பிளேட் நம்பர், பாலிசி நம்பர், என்ன மாத்தினீங்க, என்னைக்கு, எவ்ளோ செலவு, ரிசிட், நாலு போட்டோ. ஏஜென்டுக்கு அனுப்புங்க, கம்பெனி கஸ்டமர் சர்வீசுக்கும் ஒரு காப்பி போடுங்க. பதில் வந்து பாலிசில ஏறின பேப்பர் கைக்கு வர்ற வரைக்கும் விடாதீங்க. மாட்டுறதுக்கு முன்னாடியே கேட்டா இன்னும் நல்லது, சில சமயம் "இத நாங்க எடுக்க மாட்டோம்"னு பதில் வரும், அப்ப சாமானுக்கு குடுத்த காசாவது மிஞ்சும்.

கேள்வி: உண்மைய சொன்னா என்சிடி போயிடுமா? எனக்கு 55 விழுக்காடு இருக்கு, அத விட மனசில்ல. (பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: போகாது. என்சிடி கிளைம் பண்ணாத வருஷத்துக்கு குடுக்குற கழிவு, 25லேர்ந்து ஆரம்பிச்சு 30, 38.33, 45, 55ன்னு ஏறும். உங்க தப்பால நடந்த விபத்துக்கு கிளைம் போட்டாதான் அது கீழ விழும், காடில என்ன இருக்குன்னு சொன்னா விழாது. பிரிமியம் ஏறுமான்னா ஏறலாம். 2017 ஜூலைலேர்ந்து காம்ப்ரிஹென்சிவ் பாலிசிக்கு (உங்க காடி சேதத்துக்கும் சேத்து எடுக்குறது) ஒரே ரேட்னு கெடையாது, கம்பெனிக்கு கம்பெனி வேற. ஒரு எடத்துல டர்போன்னா மொகத்த சுளிப்பான், இன்னொரு எடத்துல கொஞ்சம் சேத்து வாங்கிட்டு எடுத்துப்பான். மூணு எடத்துல கேளுங்க. 55ங்கிறது பெரிய சொத்துதான், ஆனா செல்லாத பாலிசில 55 இருந்தா என்ன 5 இருந்தா என்ன.

கேள்வி: டிண்டட் ஃபிலிம் கருப்பா ஒட்டியிருக்கேன். இதுக்கும் சொல்லணுமா? (ஆயர் ஈத்தாம்)

பதில்: எவ்ளோ கருப்புன்னு எழுதலியே. 2019 மே மாசத்துலேர்ந்து பின் பக்கவாட்டு கண்ணாடியும் பின்கண்ணாடியும் எவ்ளோ கருப்பா வேணாலும் இருக்கலாம், ஆனா முன்கண்ணாடில 70 விழுக்காடு வெளிச்சம் உள்ள வரணும், முன் பக்கவாட்டுல 50. இத தாண்டினா அது ஜேபிஜே பிரச்சனை. இன்சூரன்ஸ் பக்கம் உங்களுக்கு வேண்டியது விண்ட்ஸ்கிரீன் கவர், எண்டோர்ஸ்மென்ட் 89. பொதுவா கண்ணாடி விலைல 15 விழுக்காடு கட்டணும், 1,000 வெள்ளிக்கு 150. அந்த விலைய போடும்போது ஃபிலிம் விலையும் சேத்து போடுங்க, கண்ணாடி விலை மட்டும் போட்டுட்டு பிறகு ஃபிலிமுக்கு கைக்காசு போட்டவங்கள நான் நிறைய பாத்துட்டேன். கண்ணாடி மட்டும் ஒடஞ்சு இந்த கவர்ல கிளைம் பண்ணா என்சிடி போகாது.

கேள்வி: காடில ஒண்ணும் மாத்தல அண்ணே, ஆனா வேலை முடிஞ்சு சாயந்தரம் ஈ-ஹெய்லிங் (ஆப் வழியா வாடகைக்கு ஆள் ஏத்துறது) ஓட்டுறேன். அதுவும் சொல்லணுமா? (கிள்ளான், வேலை கோலாலம்பூர்)

பதில்: இதுதான் இந்த மாசம் வந்ததுலயே ரொம்ப சரியான கேள்வி. ஒரு போல்ட் கூட மாத்தாம காடிய மாத்தியிருக்கீங்க, சொந்த உபயோகம்னு எடுத்த பாலிசி வாடகைக்கு ஆள் ஏத்தினா செல்லாது. ஈ-ஹெய்லிங் எண்டோர்ஸ்மென்ட்னு தனியா சேக்கணும். சாயந்தரம் மட்டும்தான், வாரத்துல மூணு நாள்தான்னு எல்லாம் கணக்கு கெடையாது. இன்னைக்கே சேருங்க, சேர்ற வரைக்கும் ஆப்ப ஆஃப் பண்ணிருங்க.

கேள்வி: மாடிஃபிகேஷன காரணம் காட்டி என் கிளைம பாதியா வெட்டிட்டாங்க. எங்க போய் கேக்குறது? கோர்ட்டுக்கு போக காசில்ல. (பட்டவொர்த்)

பதில்: கோர்ட் வேணாம். மொதல்ல கம்பெனியோட புகார் பிரிவுக்கு எழுதி, எந்த கணக்குல வெட்டினீங்கன்னு கேளுங்க, மேல சொன்ன முக்கால் பங்கு கணக்கு மாதிரி அவங்களும் கணக்கு காட்டணும், சும்மா பாதின்னு வெட்ட முடியாது. சொல்லியிருந்தா எவ்ளோ பிரிமியம் வாங்கியிருப்பீங்கன்னு அவங்கள எழுத சொல்லுங்க. முடிவான பதில் வந்தும் ஒத்துப்போகலன்னா எஃப்எம்ஓஎஸ்னு (நிதிச் சந்தை குறைதீர்ப்பு சேவை) ஒரு அமைப்பு இருக்கு, முன்னாடி ஓஎஃப்எஸ்னு இருந்தது 2025 ஜனவரிலேர்ந்து இந்த பேருக்கு மாறிருச்சு. நமக்கு காசு செலவில்ல, 2,50,000 வெள்ளி வரைக்கும் உள்ள தகராற பாப்பாங்க. முடிவான லெட்டர் தேதிலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள போகணும், அதனால அந்த லெட்டர்ல தேதிய இப்பவே பேனாவால வட்டம் போட்டு வைங்க.

கேள்வி: தைப்பூசத்துக்கு பத்துமலை போறப்ப பின்கண்ணாடி பூரா முருகன் ஸ்டிக்கர் ஒட்டினேன், இன்னும் கழட்டல. டிக்ளேர் பண்ணணுமா அண்ணே? வெளையாட்டுக்கு கேக்கல. (கெப்போங்)

பதில்: வேணாம் தம்பி, முருகனுக்கு எண்டோர்ஸ்மென்ட் கெடையாது. ஆனா நீங்க அனுப்பின போட்டோவுல நம்பர் பிளேட்டையும் பாத்தேன், 1ங்கிற எண் இருக்க வேண்டிய எடத்துல வேல் நிக்குது. அத நாளைக்கே மாத்துங்க, ஜேபிஜே ரோட்பிளாக்ல பக்தியெல்லாம் பாக்க மாட்டாங்க.